கை நீட்டினால் நிற்கும் ரயில்

பல்லாக்ளாஸ் கிளென் நிறுத்தத்தில் நடைமேடை கிடையாது. டிக்கெட் கவுன்டர் கிடையாது, நிலைய அதிகாரி கிடையாது, சிக்னல் கம்பமும் கிடையாது. காட்டுக்குள்ளிருந்து ஒரு பாதை மேலேறி வந்து இரட்டைத் தண்டவாளத்தைத் தொடுகிறது. ஓரத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு சிறு மரக்கொட்டகை நிற்கிறது. தலைக்கு மேல் ஒரு செம்புக் கம்பி ஓடுகிறது. ரயில் வருவதைப் பார்த்துக் கையை நீட்டினால் ரயில் நிற்கும். யாரும் கை நீட்டாமலும், உள்ளே இருக்கும் யாரும் இறங்க வேண்டும் என்று சொல்லாமலும் இருந்தால் அது வேகம் குறையாமல் கடந்து போய்விடும். இப்படிக் கேட்டால் மட்டும் நிற்கும் இடத்தைக் கேட்பு நிறுத்தம் எனலாம்.

இந்த நிறுத்தம் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஐரிஷ் கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கிறது. தீவின் தலைநகரம் டக்ளஸ். அங்கிருந்து கிழக்குக் கரையை ஒட்டி லாக்சி வழியாக வடக்கே ராம்சே வரை ஏறத்தாழ 28 கி.மீ. நீளத்துக்கு ஓடுவது மேங்க்ஸ் எலக்ட்ரிக் ரயில்வே. அதன் முதல் பகுதி, டக்ளஸின் டெர்பி காசிலிலிருந்து கிரவுடில் பள்ளத்தாக்கு வரை, 1893 செப்டம்பர் 7 அன்று திறக்கப்பட்டது. 1894-இல் பாதை லாக்சியை எட்டியது. 1898 ஆகஸ்டில் ராம்சேயின் விளிம்பிலிருக்கும் பல்லூர் வரையும், 1899-இல் ராம்சே நகருக்குள்ளும் வந்து சேர்ந்தது. திறப்பு விழா கண்ட 1, 2 எண் பெட்டிகள் இன்றும் அதே பாதையில் ஓடுகின்றன. தாம் பிறந்த தண்டவாளத்திலேயே இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் டிராம் பெட்டிகளில் உலகிலேயே மூத்தவை அவைதாம்.

பாரம்பரிய ரயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பழைய பெட்டிகளின் மர வேலைப்பாட்டையும் பித்தளைப் பளபளப்பையும்தான் வியப்பார்கள். வியப்புக்கு உரியவைதாம் அவை. ஆனால் அந்த ரயில்வேயின் அறிவியல் முழுவதையும் ஓரிடத்தில் நின்று புரிந்துகொள்ள வேண்டும் என்றால், பல்லாக்ளாஸ் போன்ற ஆளில்லாத நிறுத்தமே அதற்கு ஏற்ற இடம். ஒற்றை ஆளுக்காகப் பல டன் எடையை நிறுத்துவதும், பிறகு அதை மீண்டும் ஓட வைப்பதும் எளிதில் கட்டுப்படியாகும் வேலை அல்ல. மின்சாரம் அதைக் கட்டுப்படியாக்கியது.

இதை உணர அதே தீவின் நீராவி ரயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டக்ளஸிலிருந்து பீலுக்கு 1873-லும், போர்ட் எரினுக்கு 1874-லும் நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. 1879-இல் மேற்குக் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு ராம்சேக்கும் போனது. அந்தப் பாதைகளிலும் தண்டவாள அகலம் மூன்றடிதான், மின் ரயிலுக்கும் அதே மூன்றடிதான். ஆனால் நீராவி ரயில் பெரும்பாலும் ஊருக்கு ஊர் கட்டிய நிலையங்களில்தான் நிற்கும். மின் ரயிலோ பண்ணைக் கதவு, ஆற்றங்கரைப் பாதை, சாலைக் குறுக்கீடு என்று டஜன் கணக்கான இடங்களில் நிற்கிறது. நிர்வாகத்தின் தாராள மனம் மட்டும் இதற்குக் காரணமாக முடியாது. நீராவி எஞ்சினில் கொதிகலனும் எரிபொருளும் தண்ணீரும் கூடவே போகின்றன. அதன் மொத்த எடையில் ஒரு பங்குதான் இயக்குச் சக்கரங்களின் மீது விழுகிறது. பின்னால் வரும் பெட்டிகள் எல்லாம் சுமை. நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க நேரமாகும். அடிக்கடி நின்றால் பயண நேரம் தாறுமாறாக நீண்டுவிடும்.

மின் பெட்டியில் நிலைமை வேறு. பயணிகள் உட்காரும் பெட்டியின் அடியிலேயே மோட்டார்கள் இருக்கின்றன. நான்கு மோட்டார் பொருத்திய பெட்டியில் நான்கு அச்சுகளும் உந்துகின்றன. பெட்டியின் எடையும், அதில் ஏறிய பயணிகளின் எடையும் அப்படியே தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் வலிமையாக மாறுகின்றன. அந்த மோட்டார்களின் இயல்பு இன்னும் முக்கியமானது. டிராம் வண்டிகளில் பயன்பட்டது நேர்மின்னோட்டத் தொடர்ச்சுற்று மோட்டார். அதில் சுழலும் பகுதிக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருளுக்கும் ஒரே மின்னோட்டம் அடுத்தடுத்துப் பாய்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் காந்தப்புலமும் இரு மடங்காகும், அந்தப் புலத்தில் சுழல்வதும் இரு மடங்கு மின்னோட்டம் தாங்கியதாகிவிடும். ஆகவே முறுக்குவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இரும்பு காந்தத்தால் நிறைந்துவிடும் வரை இந்தக் கணக்கு செல்லும்.

நின்றிருக்கும் மோட்டார் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அப்போதுதான் வண்டிக்கும் மிக அதிக விசை தேவை. சக்கரம் சுழலத் தொடங்கியதும் மோட்டார் தனக்குள் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கிக்கொள்கிறது. வேகம் கூடக் கூட அந்த எதிரழுத்தம் கூடி, மின்னோட்டம் தானாகவே குறைகிறது, விசையும் குறைகிறது. மேடு வந்து வண்டி தளர்ந்தால் எதிரழுத்தம் இறங்கி, மின்னோட்டம் மறுபடி ஏறி, இழுவை கூடிவிடும். கியர் மாற்றும் வேலையே இல்லை. அடிக்கடி நின்று புறப்படும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான மோட்டாரை அன்றைய பொறியாளர்களால் கண்டிருக்க முடியாது. பிறகு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் மின் ரயில்களில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் ஓடின.

ஆனால் புறப்படும் நொடியில் ஓர் ஆபத்து இருக்கிறது. மோட்டாரின் உள்தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், கம்பியிலிருக்கும் 550 வோல்ட்டை நேராகக் கொடுத்த மாத்திரத்தில் 1,100 ஆம்பியர் பாயும். மோட்டார் கருகிவிடும். எனவே வண்டியை ஓட்டும் மோட்டார்மேனுக்கு முன்னால் நிற்கும் கன்ட்ரோலரில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை அவர் ஒரு பல் ஒரு பல்லாக நகர்த்துகிறார். முதல் பல்லில் மின்தடைகள் முழுவதும் சுற்றில் இருக்கும். கூடவே மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, அழுத்தத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அடுத்தடுத்த பற்களில் தடைகள் ஒவ்வொன்றாக விலகும். பாதி வழியில் மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறும், தடைகள் மறுபடி சேர்ந்து மறுபடி விலகும். தேர்ந்த மோட்டார்மேன் வண்டியின் உறுமலைக் கேட்டே எப்போது அடுத்த பல்லுக்குப் போகலாம் என்று அறிவார். அவசரப்பட்டால் வண்டி துள்ளும், சக்கரம் வழுக்கும். தயங்கினால் தடைகள் சூடேறும்.

அந்தத் தடைகளில் வெப்பமாகப் போகும் மின்சாரம் முழு இழப்பு. வெறும் தடைகளை மட்டும் வைத்து வண்டியைக் கிளப்பினால், அந்த நேரத்தில் கம்பியிலிருந்து எடுக்கும் ஆற்றலில் பாதி இப்படிப் போய்விடும். தொடர் இணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாறும் உத்தி இந்த இழப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஒரு மோட்டார் பெட்டியும் அதன் பின்னால் ஓர் இணைப்புப் பெட்டியும் பயணிகளோடு சேர்ந்து 20 டன் என்று கொள்வோம். மணிக்கு 32 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 8.9 மீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,90,000 ஜூல். மின்கட்டண மொழியில் சொன்னால் 0.22 யூனிட். நிறுத்தும்போது இது முழுவதும் பிரேக் கட்டைகளில் வெப்பமாகிவிடுகிறது. திரும்ப அதே வேகத்தை எட்ட, தடைகளின் இழப்பையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும். ஒரு வீட்டு மின்விசிறியை நான்கு மணி நேரம் ஓடவிட்டால் ஆகும் செலவு அது. பல்லாக்ளாஸில் ஒருவரை ஏற்றிக்கொள்வதற்கான விலை அவ்வளவுதான்.

அந்த விலையும் இரு திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. டக்ளஸிலிருந்து வரும் பாதை லாக்சியைத் தாண்டிக் கடலோரச் செங்குத்துச் சரிவில் ஏறி, சுமார் 180 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. பிறகு தூன், கிளென் மோனா, பல்லாக்ளாஸ், கார்னா வழியாகப் பொதுவாக இறக்கமாகவே ராம்சேயை நோக்கிப் போகிறது. பாதையில் மிகச் செங்குத்தான சரிவு 24-க்கு 1. அந்தச் சரிவில் இறங்கும் வண்டியைப் புவியீர்ப்பே நொடிக்கு நொடி, வினாடிக்கு 0.4 மீட்டர் வீதம் வேகப்படுத்தும். இறக்கத்தில் நின்ற வண்டிக்குப் பிரேக்கைத் தளர்த்தினால் போதும், மின்சாரமே வேண்டியதில்லை. ஏற்றத்தில் அதே 20 டன்னைப் பின்னோக்கி இழுக்கும் விசை 8,000 நியூட்டனுக்கு மேல். மோட்டார்கள் முதலில் அதைச் சமன் செய்ய வேண்டும், அதற்கு மிஞ்சிய விசைதான் வண்டியை முன்னால் நகர்த்தும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பல்லாக்ளாஸ் நிறுத்தமே பதில் வைத்திருக்கிறது. நிறுத்தத்தை ஒட்டி ஒரு மின்நிலையக் கட்டடம் நிற்கிறது. பாதை ராம்சேக்கு நீண்டபோது இந்தக் காட்டு ஓரத்தில் நிலக்கரி எரித்து, நீராவி இயந்திரத்தால் மின்னாக்கியைச் சுழற்றினார்கள். ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் ஏன் ஒரு மின் உற்பத்தி நிலையம்? ஓமின் விதியைக் கொண்டு கணக்கிட்டால் விடை உடனே கிடைக்கும். 100 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 0.17 ஓம் தடை உண்டு. டக்ளஸில் மட்டும் மின்சாரம் கொடுத்து, அப்படிப்பட்ட ஒற்றைக் கம்பி வழியாக 28 கி.மீ. தள்ளி ராம்சேயில் நிற்கும் வண்டிக்கு 100 ஆம்பியர் அனுப்பினால், வழியிலேயே 476 வோல்ட் தொலைந்துவிடும். 550-இல் மிஞ்சுவது 74 வோல்ட். வண்டி நகராது. நான்கைந்து கிலோமீட்டருக்குள் ஒரு மின் ஊட்டுப் புள்ளி இருந்தால் இழப்பு 70, 80 வோல்ட்டோடு நின்றுவிடும். அதுவும் இருபுறமிருந்தும் ஊட்டினால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கு அன்றைய நேர்மின்னோட்ட ரயில்கள் அனைத்தையும் கட்டிப்போட்டது. அழுத்தத்தை வேண்டியபடி ஏற்றி இறக்க நேர்மின்னோட்டத்துக்கு எளிய வழி அன்று இல்லை. அதனால் மின்சாரத்தைத் தேவைப்படும் இடத்துக்கு அருகிலேயே உற்பத்தி செய்தார்கள். டெர்பி காசில், லாக்சி, பல்லாக்ளாஸ் என்று பாதை நெடுக மின்நிலையங்கள் அமைந்தது இதனால்தான். 1900-இல் தீவின் டம்பெல்ஸ் வங்கி நொடிந்தது. அதோடு இந்த ரயிலை நடத்திய நிறுவனமும் விழுந்தது. 1902-இல் மேங்க்ஸ் எலக்ட்ரிக் ரயில்வே கம்பெனி பாதையை வாங்கியது. புதிய நிர்வாகம் லாக்சியில் உயர் அழுத்த மாறுமின்னோட்டமாக உற்பத்தி செய்து அனுப்பி, வழியிலுள்ள துணைநிலையங்களில் சுழல் மாற்றிகளைக் கொண்டு நேர்மின்னோட்டமாக்கும் முறைக்கு மாறியது. பல்லாக்ளாஸில் அடுப்பு அணைந்தது, துணைநிலையம் நிலைத்தது. உயர் அழுத்தத்தில் தொலைவு கடந்து, தாழ் அழுத்தத்தில் வண்டிக்குள் நுழையும் இந்த ஏற்பாட்டையே இன்றைய நகர மெட்ரோக்களில் பலவும் பின்பற்றுகின்றன. சுழல் மாற்றியின் இடத்தில் குறைக்கடத்தித் திருத்தி வந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

கம்பி தலைக்கு மேல் போவதில் இன்னொரு பொருள் இருக்கிறது. பல்லாக்ளாஸில் இறங்குகிறவர் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து நடந்து மறுபுறம் போகிறார். வேலி இல்லை, மேம்பாலம் இல்லை. மின்சாரம் தரையோரத்தில், மூன்றாவது தண்டவாளத்தில் ஓடியிருந்தால் இப்படி ஒரு நிறுத்தம் அமைந்திருக்காது. 1883-இல் பிரைட்டன் கடற்கரையில் தொடங்கிய வோக்ஸ் எலக்ட்ரிக் ரயில்வே இன்றும் தரையோர மின்தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அழுத்தம் 110 வோல்ட்தான். என்றாலும் பாதைக்கு வேலி போட்டு, ஒரு சில நிலையங்களில் மட்டுமே ஆள் ஏற்ற வேண்டியிருக்கிறது. மேங்க்ஸ் ரயிலில் 550 வோல்ட், ஆனால் அது எட்டாத உயரத்தில். மோட்டாரைக் கடந்து வரும் மின்னோட்டம் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. இரட்டைப் பாதையில் நான்கு தண்டவாளங்களும் இந்தத் திரும்பு மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எஃகு செம்பைவிட மோசமான கடத்திதான். ஆனால் அதன் குறுக்குவெட்டு பல மடங்கு பெரியது. இணைப்புகளில் செம்புப் பட்டை வைத்துப் பிணைத்திருந்தால் தண்டவாளத்துக்கும் தரைக்கும் இடையே சில வோல்ட் வேறுபாடு மட்டுமே இருக்கும். அதை மிதித்து நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் பொறியாளர் ஹாப்கின்சன் வடிவமைத்த வில் வடிவச் சட்டங்கள் பெட்டியின் கூரையில் முன்னும் பின்னுமாக நின்று, தொய்வாகத் தொங்கிய கம்பியைத் தேய்த்துக்கொண்டு போயின. கம்பி ஒன்றில் விலகினாலும் மற்றொன்றில் தொட்டுக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் இந்தப் பாதை சுழல்சக்கரம் கொண்ட நீள் கழிக்கு மாறியது. லாக்சியிலிருந்து மலை உச்சிக்கு ஏறும் ஸ்னேஃபெல் ரயில், 1895-இல் திறந்த நாள் தொட்டு, ஹாப்கின்சனின் வில் சட்டத்தைக் கைவிடவே இல்லை. மலைக்காற்றில் கழி கம்பியை விட்டு நழுவும். வில் சட்டம் நழுவாது.

கம்பியைத் தாங்கும் கம்பங்கள் டக்ளஸிலிருந்து ராம்சே வரை வரிசையாக எண்ணிடப்பட்டவை. ஏறத்தாழ 900 கம்பங்கள். ஊர்ப்பெயர் இல்லாத நிறுத்தங்களுக்குக் கம்ப எண்ணே முகவரி. கம்பி அறுந்தாலும், தண்டவாளத்தில் மரம் விழுந்தாலும் இன்ன எண் கம்பத்தருகே என்று சொன்னால் போதும், பழுதுபார்க்கும் குழு நேரே அங்கு வந்து சேரும். வளைவும் மரமும் நிறைந்த இந்தப் பாதையில் அடுத்து என்ன வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள மோட்டார்மேனுக்கும் கம்பங்கள் துணை.

அந்த நினைவு அவருக்குக் கட்டாயம் வேண்டும். 32 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, சமதரையில் மிதமாகப் பிரேக் பிடித்தால், சுமார் 50 மீட்டரில் நிற்கும். நீட்டிய கையைக் கண்டு, புரிந்து, பிரேக் கைப்பிடியைத் திருப்ப இரண்டு நொடி ஆனால் அதற்குள் 18 மீட்டர் ஓடிவிட்டிருக்கும். ஆக, ஏறத்தாழ 70 மீட்டர். 24-க்கு 1 இறக்கத்தில் ஈர்ப்பு பிரேக்கின் உழைப்பில் பாதியைத் தின்றுவிடுவதால் தொலைவு 120 மீட்டராக நீளும். மர நிழலுக்குள், வளைவுக்கு அப்பால் நிற்பவரை 120 மீட்டர் தள்ளியே பார்ப்பது எப்போதும் நடக்காது. எனவே இத்தகைய நிறுத்தத்தை நெருங்கும்போது ஆள் இருக்கிறாரோ இல்லையோ வேகத்தைச் சற்றுத் தணிப்பது நல்ல மோட்டார்மேனின் பழக்கம். வேகம் 32-லிருந்து 20-க்கு இறங்கினால் பிரேக் தொலைவு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். வேகத்தின் இருமடிக்கு ஏற்பத் தொலைவு மாறுவதால் சிறு தணிப்பே பெரும் பயன் தருகிறது.

உள்ளே இருப்பவர்களின் வேண்டுகோள் வேறு வழியில் போகிறது. நடத்துநர் பெட்டிக்குள் வந்து டிக்கெட் கொடுக்கும்போதே எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். நிறுத்தம் நெருங்கியதும் மணியடித்து மோட்டார்மேனுக்குத் தெரிவிக்கிறார். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் புறப்படு. பிரிட்டனின் டிராம்களிலும் பேருந்துகளிலும் வழங்கிய அதே குறியீடு. பயணி தரையிலிருந்து பெட்டியின் பக்கவாட்டுப் படிப்பலகையில் கால் வைத்து ஏறுகிறார். பக்கச் சுவரே இல்லாத கோடைக்காலப் பெட்டிகளில் இந்தப் பலகை பெட்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. இருக்கைகள் குறுக்கு வாட்டில், ஒவ்வொரு வரிசையும் நேராக வெளியே திறந்திருக்கும். பத்துப் பேர் பத்து வரிசையில் ஒரே நேரத்தில் இறங்கலாம். நடைமேடையைக் கட்டாமலேயே நிற்கும் நேரத்தைக் குறைக்கும் வடிவமைப்பு இது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இதே உயரமான பலகை பெரும் தடை என்பதையும் மறைக்கக் கூடாது.

காட்டுக்குள் இருக்கும் நிறுத்தத்துக்கு இலையுதிர்காலம் தனிப் பகை. பல்லாக்ளாஸ் பள்ளத்தாக்கில் ஓக், பீச் முதலிய மரங்கள் அடர்ந்திருக்கின்றன. வசந்தத்தில் அவற்றின் அடியில் நீலமணிப் பூக்கள் விரிகின்றன, கார்னா ஆறு பாறைகளிடையே இறங்கிப் போகிறது, பழைய ஈயச் சுரங்கத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. மக்கள் இங்கே வருவது இவற்றுக்காகத்தான். அக்டோபர் வந்ததும் அதே மரங்கள் தண்டவாளத்தில் இலை கொட்டுகின்றன. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவுகூட இருக்காது. அந்த இடத்தில் அழுத்தம் மிகப் பெரியது. ஈர இலை அங்கே நசுங்கும்போது இலையிலிருக்கும் டானின் முதலிய பொருள்களும் இரும்பும் வினைபுரிந்து, தண்டவாளத்தோடு ஒட்டிய கரிய, வழுவழுப்பான படலமாகின்றன. துணியால் துடைத்தால் அது போகாது.

காய்ந்த தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிப்பு, அதன் மீதான எடையில் கால் பங்குக்கு மேல் இருக்கும். மழை நனைத்தால் ஏழில் ஒரு பங்களவுக்குக் குறையும். இலைப் படலத்தில் இருபதில் ஒரு பங்காகவும் இறங்கிவிடும். 14 டன் மோட்டார் பெட்டிக்கு மழை நாளில் ஏறத்தாழ 20,000 நியூட்டன் பிடிப்பு கிடைக்கும். இணைப்புப் பெட்டியோடு மேட்டில் கிளம்ப அது தாராளம். இலைப் படலத்தில் கிடைப்பது 7,000-க்கும் கீழே. செங்குத்தான சரிவில் வண்டி பின்வாங்காமல் இருக்கவே 8,000-க்கு மேல் வேண்டும் என்பதை முன்பே பார்த்தோம். மோட்டாரில் வலு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இதற்கு மருந்து மணல். சக்கரத்தின் முன்னே தண்டவாளத்தில் தூவிய மணல் நொறுங்கிப் படலத்தைக் கீறிப் பிடிப்பை மீட்டுத் தருகிறது. மின்னணுக் கருவிகள் நிறைந்த இன்றைய அதிவேக ரயில்களும் இதே மணலைத்தான் சுமந்து போகின்றன.

கேட்பு நிறுத்தத்தில் நிகழ்தகவுக் கணிதமும் ஒளிந்திருக்கிறது. கால அட்டவணை போடுகிறவருக்கு எந்த வண்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் எத்தனை தடவை நிற்கும் என்பதை ஓரளவு சொல்ல முடியும். ஒரு நிறுத்தத்தில் ஒரு வண்டிக்குச் சராசரியாக எத்தனை குழுக்கள் ஏறவோ இறங்கவோ வருகின்றன என்று தெரிந்தால், பிரெஞ்சுக் கணிதவியலர் புவாசோன் வகுத்த பரவல் விடை தருகிறது. பத்து வண்டிக்கு ஒரு குழு என்றால் நிற்பதற்கான வாய்ப்பு 9.5 விழுக்காடு. வண்டிக்கு ஒரு குழு என்றால் 63 விழுக்காடு. மூன்று குழு என்றால் 95. அந்த அளவுக்குக் கூட்டம் வந்துவிட்டால் கேட்டு நிறுத்துவதில் பொருளில்லை, நிலையான நிறுத்தமாகவே அறிவித்துவிடலாம்.

அபூர்வமாக ஆள் வரும் 30 நிறுத்தங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 9.5 விழுக்காடு வாய்ப்பு. ஒரு பயணத்தில் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான இடங்களில் வண்டி நிற்கும். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் ஐந்து என்று மாறினாலும் பத்தைத் தொடுவது மிக மிக அரிது. வேகம் குறைத்து, ஆளை ஏற்றி, மீண்டும் வேகம் பிடிக்க ஆகும் கூடுதல் நேரம் அரை நிமிடம் என்றால், 30 நிறுத்தங்களுக்கும் சேர்த்து அட்டவணையில் ஒன்றரை நிமிடமும், கொஞ்சம் தளர்வும் ஒதுக்கினால் போதும். முப்பதிலும் கட்டாயம் நிற்பதென்றால் 15 நிமிடம் போயிருக்கும். முப்பதையும் மூடினாலோ மிச்சம் அதே ஒன்றரை நிமிடம்தான். இந்தச் சிறிய எண்ணைக் கவனிக்காமல் சிற்றூர் நிறுத்தங்களை மூடிய ரயில் நிர்வாகங்கள் உலகில் ஏராளம்.

மேங்க்ஸ் ரயிலில் நிறுத்தங்கள் ஆட்களுக்காக மட்டும் இயங்கவில்லை. 1903 முதல் 1975 வரை இந்த ரயில் தபாலும் சுமந்தது. பாதையோரத் தபால் பெட்டிகளைத் திறந்து கடிதங்களை எடுத்துப் போகும் வேலையையும் நடத்துநர்களே பார்த்தார்கள். கிழக்குக் கரையின் பண்ணைகளுக்கு இந்த ரயில் வண்டியாகவும் அஞ்சலாகவும் இருந்த காலம் அது. கார்களும் பேருந்துகளும் பெருகியபின் வருமானம் சுருங்கியது. கம்பெனியால் தொடர முடியாமல் போக, 1957-இல் தீவின் அரசு ரயிலை ஏற்றுக்கொண்டது. 1967 ஜனவரியில் புல்கம் குடாவுக்கு மேலே பாதையைத் தாங்கிய சுவர் சரிந்தது. அதைச் சீரமைக்கும் வரை ரயில் இரு துண்டாக ஓடியது.

அதைவிடப் பெரிய அடி 1975-இல் விழுந்தது. செலவைக் குறைப்பதற்காக லாக்சிக்கும் ராம்சேக்கும் இடையிலான பகுதியை அந்த ஆண்டின் பருவம் முடிந்ததும் மூடினார்கள். பல்லாக்ளாஸில் 1976 முழுவதும் எந்த ரயிலும் நிற்கவில்லை, கடக்கவும் இல்லை. தீவு மக்களின் எதிர்ப்பு தேர்தலிலும் ஒலித்தது. 1977 கோடையில் ராம்சே வரை வண்டிகள் மறுபடி ஓடின.

இப்போது ரயில் பொதுவாக மார்ச் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை ஓடுகிறது. பல்லாக்ளாஸ் காட்டுக்குப் போக விரும்புகிறவர் டிக்கெட் வாங்கும்போதே நடத்துநரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட வேண்டும். திரும்பும்போது மரக்கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்காமல், மோட்டார்மேன் தொலைவிலேயே பார்க்கும்படி பாதையோரம் வந்து நின்று, வண்டி கண்ணில் பட்டதும் கையை நன்றாக நீட்ட வேண்டும். வண்டி முற்றிலும் நின்ற பிறகே படிப்பலகையில் கால் வைக்க வேண்டும்.